ஆசியான் வரிச்சலுகையில் இறக்குமதி: ஃபார்ம் ஏஐ வருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் இருக்கும் மூவார், மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து ரப்பர் மரத்தில் செய்த சாப்பாட்டு மேசையும் நாற்காலிகளும் ஒரு கன்டெய்னர் நிறைய சென்னைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். இந்தியாவுக்கும் ஆசியான் நாடுகளுக்கும் இடையிலான சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச்சான்றிதழ் இருந்தால் அடிப்படைச் சுங்க வரி குறையும், சில பொருள்களுக்கு முழுதாகவே நீங்கும். சான்றிதழின் பெயர் ஃபார்ம் ஏஐ. சப்ளையர் அனுப்புவார், கஸ்டம்ஸ் ஏஜென்ட் இணைப்பார், வரி குறைந்துவிடும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள்.

2020-க்கு முன்பு ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. அந்த ஆண்டு நிதிச் சட்டம் சுங்கச் சட்டம், 1962-ல் 28டிஏ என்ற பிரிவைச் சேர்த்தது. இந்தச் சலுகைகளுக்கான மூல விதிகளைச் செயல்படுத்தும், கரோட்டர் 2020 என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் விதிகள் 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. சான்றிதழைக் கொடுத்துவிட்டதால் மட்டும் இறக்குமதியாளரின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்று 28டிஏ நேரடியாகவே சொல்கிறது. பொருள் மலேசியாவில் எப்படி உருவானது, எந்தக் கணக்கில் தகுதி பெற்றது என்பதை இங்கே இருக்கும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். அதனால்தான் வேலை பர்ச்சேஸ் ஆர்டர் போடும் நாளிலேயே தொடங்குகிறது. கப்பல் கிளம்பிய பிறகு இதைத் தொடங்கினால், பணத்தையும் வாங்கிக்கொண்டு சரக்கையும் அனுப்பிவிட்ட சப்ளையரிடம் கெஞ்ச வேண்டிய நிலைதான் மிஞ்சும்.

சலுகையின் உண்மையான மதிப்பு எவ்வளவு?

கணக்குப் புரிவதற்காக, ஒரு சரக்கின் வரிக்குரிய மதிப்பு 10,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்கம் 20%, ஒப்பந்த விகிதம் பூஜ்யம், இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 18% என்று கொள்வோம். இது கணக்கு மாதிரி மட்டுமே. உங்கள் பொருளின் விகிதத்தை அன்றைய தேதியில் நடப்பில் உள்ள அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். சில பொருள்களுக்கு வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரியும் இருக்கும்.

சலுகை இல்லாமல் வந்தால் சுங்கம் 2,00,000. அதன் மேல் 10% சமூகநல மேல்வரி 20,000. இவை சேர்ந்த 12,20,000 மீது ஐஜிஎஸ்டி 2,19,600. ஆக மொத்தம் 4,39,600 ரூபாய். சலுகையோடு வந்தால் சுங்கமும் இல்லை, சுங்கத்தின் மேல் போடும் மேல்வரியும் இல்லை. 10,00,000 மீது ஐஜிஎஸ்டி 1,80,000 மட்டுமே. வித்தியாசம் 2,59,600. ஆனால் இதில் 39,600 ஐஜிஎஸ்டி. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அதை எப்படியும் உள்ளீட்டு வரியாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். ஆகவே உண்மையான மிச்சம் 2,20,000.

இதே சலுகை இரண்டு ஆண்டு கழித்து மறுக்கப்பட்டால், அந்த 2,59,600 ரூபாயையும் கட்டி, ஆண்டுக்கு 15% வட்டியாக 77,880 ரூபாயும் கட்ட வேண்டிவரும். தகவலை மறைத்ததாகத் துறை முடிவு செய்தால் வரிக்குச் சமமான அபராதமும் சேரும். ஒப்பந்தச் சலுகை விதிகளை மீறி வந்த சரக்கைப் பறிமுதல் செய்யவும் சுங்கச் சட்டத்தின் 111-ம் பிரிவில் 2020-ல் தனி உட்பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்குள் மேசைகள் விற்று முடிந்திருக்கும். வாங்கியவரிடம் போய் விலையை ஏற்றிக் கேட்க முடியாது.

வரிக்குரிய மதிப்பு என்பது சரக்கு விலை, கப்பல் வாடகை, காப்பீடு மூன்றும் சேர்ந்தது. எஃப்ஓபி விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு மட்டும் சேர்ந்த விலையில், வாங்கிவிட்டு, வாடகைக்கு ஆதாரம் காட்டாமல் விட்டால், எஃப்ஓபியில் 20% வாடகை என்று சுங்கத்துறை எடுத்துக்கொள்ளும். காப்பீட்டுக்கு ஆதாரம் இல்லாவிட்டால் 1.125%. உண்மையான வாடகை பல நேரம் 20 விழுக்காட்டை விடக் குறைவாகவே இருக்கும். சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரிடம் வாடகைச் சான்று வாங்கி வைக்காததால் தேவையில்லாமல் வரி கட்டுகிறவர்கள் ஏராளம். டாலரை ரூபாயாக மாற்றுவதும் சுங்கத்துறை வெளியிடும் மாற்று விகிதத்தில்தான், உங்கள் வங்கி போட்ட விகிதத்தில் அல்ல.

ஆர்டருக்கு முன்: எச்எஸ் கோடு

சாப்பாட்டு மேசை செட் என்று ஒரே வரியில் இன்வாய்ஸ் வரும். சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்தும் எண்ணான எச்எஸ் கோட்டின்படி அது ஒரே பொருள் அல்ல. மர மேசை 9403 60. மரச்சட்ட நாற்காலி 9401-ல் போகும்: மெத்தை வைத்துத் தைத்திருந்தால் 9401 61, இல்லாவிட்டால் 9401 69. இரண்டுக்கும் வரி விகிதம் வேறாக இருக்கலாம், மூலக் கணக்கும் தனித்தனி. ஃபார்ம் ஏஐ-யில் இவை தனி வரிகளாகவும் தனித் தகுதியோடும் வர வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

கோடு உறுதியானதும் 46/2011 எண்ணுள்ள சுங்க அறிவிக்கையைத் திறந்து, அந்தக் கோடு பட்டியலில் இருக்கிறதா, எந்த விகிதம் என்று பார்க்க வேண்டும். ஆசியான் ஒப்பந்தம் என்றதும் எல்லாமே பூஜ்யம் என்று நினைப்பது தவறு. விலக்கி வைத்த பொருள்களும் உண்டு, பாதி குறைத்த பொருள்களும் உண்டு. நாடுவாரியாகவும் வேறுபாடு இருப்பதால் மலேசியாவுக்கான நெடுவரிசையைத்தான் படிக்க வேண்டும்.

வகைப்பாட்டிலோ மூலத்திலோ உண்மையான ஐயம் இருந்தால் முன்தீர்ப்பு கேட்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் அதற்கான சுங்க முன்தீர்ப்பு ஆணையங்கள் உள்ளன. ஒரே பொருளைத் தொடர்ந்து கொண்டுவரப் போகிறவருக்கு இது நல்ல வழி. ஒரே ஒரு கன்டெய்னருக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

மூலத் தகுதி: 35 விழுக்காடும் ஆறு இலக்கமும்

ஒரு நாட்டிலேயே விளைந்தது, வெட்டியது, பிடித்தது என்றால் அது முழுமையாக அந்த நாட்டில் பெறப்பட்ட பொருள். மேசை அப்படி இல்லை. வேறு நாட்டுப் பலகையும் திருகாணியும் அதில் சேர்ந்திருக்கும். இப்படிப்பட்ட பொருளுக்கு ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதி இரண்டு நிபந்தனைகளை ஒருசேர வைக்கிறது. எஃப்ஓபி விலையில் குறைந்தது 35% ஒப்பந்த நாடுகளின் பங்காக இருக்க வேண்டும். வெளிநாட்டு மூலப்பொருள்களின் எச்எஸ் கோடு, முடிந்த பொருளின் கோட்டிலிருந்து ஆறு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும். இவற்றோடு, கடைசி உற்பத்தி வேலை ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே நடந்திருக்க வேண்டும்.

எஃப்ஓபி 100 டாலர் உள்ள ஒரு மேசையைப் பிரித்துப் பார்ப்போம். மலேசிய ரப்பர் மர அறுவைப் பலகை, 4407: 28 டாலர். சீனாவின் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகை, 4411: 14. சீனத் திருகாணியும் இரும்புப் பொருத்திகளும், 7318, 8302: 4. தாய்லாந்து லாக்கர், 3208: 6. கூலி 18, பட்டறைச் செலவு 12, லாபம் 10, துறைமுகம் வரை வண்டி வாடகையும் ஏற்றுகூலியும் 8. ஆகக் கூட்டினால் 100.

வெளிநாட்டுப் பொருளைக் கழித்துப் பார்க்கும் மறைமுகக் கணக்கில், ஒப்பந்தத்துக்கு வெளியிலுள்ள பொருளும் மூலம் தெரியாத பொருளும் சேர்ந்து 65 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இங்கே சீனப் பொருள் 18 மட்டுமே. தாய்லாந்தும் ஆசியான் நாடுதான். ஆனால் அந்த லாக்கர் தாய்லாந்து மூலமுடையது என்பதற்குச் சப்ளையரிடம் ஆதாரம் இல்லாவிட்டால், அதையும் மூலம் தெரியாத கணக்கில் போட வேண்டும். அப்போது 24. அதுவும் எல்லைக்குள்தான். 4411, 7318, 8302, 3208 எல்லாமே 9403 60-லிருந்து வேறான கோடுகள் என்பதால் இரண்டாம் நிபந்தனையும் நிறைவேறிவிடுகிறது. இந்த மேசைக்குச் சலுகை தைரியமாகக் கேட்கலாம்.

இப்போது அதே விலைக்கு, அதே தோற்றத்தில், வேறொரு மேசை. மேற்பலகை, கால்கள், குறுக்குச் சட்டம் எல்லாம் சீனாவில் அறுத்து, துளையிட்டு, பாலிஷ் போட்டு அட்டைப்பெட்டியில் மலேசியா வருகின்றன. அங்கே பெட்டி மாறுகிறது, சில திருகாணிகள் சேர்கின்றன. உதிரிப் பாகத்திலிருந்து மேசையாக மாறியதால் கோடு மாறிவிட்டது என்று சப்ளையர் சொல்வார். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத் தோன்றும், ஏனென்றால் மரச்சாமான் உதிரிப் பாகங்களுக்குத் தனிக் கோடு இருக்கிறது. ஆனால் எச்எஸ் வகைப்பாட்டின் பொது விளக்க விதி 2(அ) என்ன சொல்கிறது? முழுப் பொருளுக்கான பாகங்கள் கோக்கப்படாத நிலையில் ஒன்றாக வந்தால், அது முழுப் பொருளின் கோட்டிலேயே சேரும். அதாவது அந்தச் சீனப் பெட்டி மலேசியாவுக்குள் நுழையும்போதே 9403 60 ஆகிவிட்டது. கோடு மாறவே இல்லை. போதாக்குறைக்கு, பொட்டலம் கட்டுவது, லேபிள் ஒட்டுவது, சாதாரணமாகப் பூட்டிக் கோப்பது போன்ற எளிய வேலைகள் மூலத் தகுதி தரா என்றும் விதிகள் சொல்கின்றன. ஃபார்ம் ஏஐ முத்திரையோடு வந்தாலும் இந்த மேசை நிற்காது.

இந்த இரண்டு மேசைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க, சப்ளையரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும். மரத்தை எந்த நிலையில் வாங்குகிறீர்கள்? பட்டறையில் என்னென்ன எந்திரங்கள் உள்ளன? ஒரு மேசைக்கு எத்தனை மணி நேர வேலை பிடிக்கிறது? அறுவை எந்திரமும் சூளையும் பாலிஷ் அறையும் இல்லாத பட்டறை, மேசை செய்யும் பட்டறை அல்ல.

சப்ளையரிடம் எதை எழுதி வாங்குவது

கரோட்டர் விதிகளோடு படிவம் 1 என்று ஒன்று இணைந்திருக்கிறது. உற்பத்தி முறை, மூலப்பொருள்களின் பட்டியல், ஒவ்வொன்றின் எச்எஸ் கோடு, அது ஒப்பந்த நாட்டுப் பொருளா இல்லையா, மதிப்புக் கூட்டல் எந்த முறையில் கணக்கிடப்பட்டது, வேறு நாட்டின் பங்கு சேர்த்துக்கொள்ளப்பட்டதா என்ற விவரங்கள் அதில் வரும். பில் ஆஃப் என்ட்ரியோடு, அதாவது சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் பதிவோடு, இதைத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் இந்தத் தகவல் உங்கள் கையில் இருக்க வேண்டும், தாக்கல் செய்த நாளிலிருந்து 5 ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும்.

விலைப் பட்டியலைக் காட்டினால் எங்கள் லாபம் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று சப்ளையர்கள் தயங்குவது இயல்பு. பலகை கன அடி என்ன விலை என்பதை அவர் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுப் பொருள் மொத்தம் எஃப்ஓபியில் எத்தனை விழுக்காடு, எந்தெந்தக் கோடு, எந்தக் கணக்கு முறை, எந்தெந்த வேலை பட்டறையில் நடக்கிறது என்பதை நிறுவனத்தின் தாளில் கையெழுத்திட்டுத் தரட்டும். விரிவான கணக்கை மலேசியாவின் சான்றிதழ் அதிகாரியிடம், அதாவது முதலீடு, வர்த்தகம், தொழில் அமைச்சகத்திடம், அவர் கொடுத்துத்தான் ஃபார்ம் ஏஐ வாங்குகிறார். இந்தியாவிலிருந்து சரிபார்ப்புக் கேள்வி போனால் ஒப்பந்தத்தில் உள்ள காலத்துக்குள் பதிலளித்து ஒத்துழைப்பேன் என்பதையும், தவறினால் வரி வித்தியாசத்தை ஏற்பேன் என்பதையும் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள்.

இதற்கும் சம்மதிக்காத சப்ளையரிடம் வாங்குவதே தவறு என்று சொல்ல முடியாது. முழு வரி கட்டினாலும் விலை கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள். கட்டுப்படியானால் சலுகை கேட்காமல் கொண்டுவாருங்கள். நிம்மதியான வியாபாரம் அது.

கப்பல் எந்த வழியில் வருகிறது

போர்ட் கிளாங்கிலிருந்து சென்னைக்கு நேராக வந்தால் கேள்வியே இல்லை. தூத்துக்குடிக்குக் கொண்டுவருகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். கன்டெய்னர் பெரும்பாலும் கொழும்பில் இறங்கி, சிறிய கப்பலில் மாறி வரும். இலங்கை ஆசியான் ஒப்பந்தத்தில் இல்லாத நாடு. இடையில் வேறு நாட்டைத் தொடுவதற்குத் தடையில்லை. ஆனால் போக்குவரத்து அல்லது புவியியல் காரணத்துக்காகவே தொட்டிருக்க வேண்டும், அந்த நாட்டில் விற்பனைக்கோ பயன்பாட்டுக்கோ உள்ளே போயிருக்கக் கூடாது, இறக்கி ஏற்றுவது தவிர வேறு வேலை நடந்திருக்கக் கூடாது.

இதை நிரூபிக்க, மலேசியாவிலேயே வழங்கப்பட்ட, தூத்துக்குடி வரையிலான முழுப் பயணத்தையும் காட்டும் ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஏற்றுச் சீட்டு) வேண்டும். கொழும்பிலிருந்து தனியாக ஒரு பில் ஆஃப் லேடிங் போட்டுக் கொண்டுவந்தால், சரக்கு அங்கே கைமாறவில்லை என்று காட்டுவது பெரும்பாடு. கன்டெய்னர் எண்ணும் சீல் எண்ணும் இரண்டு கப்பலிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் ஒத்துப் பார்க்க வேண்டும். புக்கிங் போடும்போதே ஃபார்வர்டரிடம் இதைச் சொல்லிவிட்டால் பைசா செலவில்லை.

ஃபார்ம் ஏஐ-யைப் படிப்பது

அசலை கூரியரில் அனுப்பும் முன் ஸ்கேன் நகலை வாங்கி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக ஒத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. பிழை இருந்தால் இந்த நிலையில்தான் திருத்த முடியும்.

பெறுநர் பெயர், ஐஇசி எனும் உங்கள் இறக்குமதி-ஏற்றுமதிப் பதிவில் இருப்பதுபோல இருக்க வேண்டும். சரக்கு விவரமும் ஆறு இலக்கக் கோடும் 7-ம் கட்டத்தில். 8-ம் கட்டத்தில் மூலத் தகுதி. சப்ளையர் கொடுத்த கடிதத்தில் உள்ள விழுக்காடும் இங்கே இருப்பதும் முரண்படக் கூடாது. மேலே பார்த்த மேசைக்கு, லாக்கரையும் மூலம் தெரியாத கணக்கில் போட்டால், 76% என்று கணக்கு வருகிறது. சான்றிதழில் 40% என்று ஒரு வழக்கமான எண்ணைப் போட்டிருந்தால், 35-ஐத் தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு காகிதம் இரண்டு எண் சொன்னால் முதல் கேள்வியே அங்கிருந்துதான் பிறக்கும். 9-ல் அளவும் எஃப்ஓபி மதிப்பும், 10-ல் இன்வாய்ஸ் எண்ணும் தேதியும். வாடகையும் காப்பீடும் சேர்ந்த சிஐஎஃப் விலையில் நீங்கள் வாங்கியிருந்தால் இன்வாய்ஸ் தொகையும் இங்குள்ள தொகையும் ஒத்துப்போகா. ஆகவே இன்வாய்ஸில் வாடகையையும் காப்பீட்டையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் வர்த்தக நிறுவனம் இன்வாய்ஸ் போட்டு, சரக்கு மூவாரிலிருந்து வரும் ஏற்பாடு சாதாரணம். அது தவறல்ல, ஆனால் மூன்றாம் தரப்பு இன்வாய்ஸ் என்பதைக் குறிக்கும் பெட்டியில் அடையாளம் வேண்டும், அந்த நிறுவனத்தின் பெயரும் நாடும் சான்றிதழில் வர வேண்டும். கப்பல் கிளம்பும்போதோ, கிளம்பிய 3 வேலை நாளுக்குள்ளோ சான்றிதழ் வழங்கப்பட வேண்டும். அதைத் தவறவிட்டால், ஏற்றிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பிற்பாடு வாங்கலாம், ஆனால் பிற்பாடு வழங்கப்பட்டது என்ற குறிப்பு அதில் இருக்க வேண்டும். தேதி தள்ளிப்போயிருக்கிறது, குறிப்பு இல்லை என்றால் அது குறைபாடுள்ள சான்றிதழ். வழங்கிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும்.

அடித்தல் திருத்தல் இருந்து, வழங்கிய அதிகாரி சான்றொப்பம் இடாவிட்டால், விவரம் முழுமையாக இல்லாவிட்டால், காலாவதியாகியிருந்தால், தகுதியில்லாத பொருளுக்கு வழங்கப்பட்டிருந்தால், மேல் விசாரணை ஏதுமின்றியே சுங்க அதிகாரி சலுகையை மறுக்கலாம். எழுத்துப் பிழை போன்ற சின்ன விஷயங்களுக்கு அவ்வளவு கடுமை இல்லை.

பில் ஆஃப் என்ட்ரி

கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகியிருக்க வேண்டும். இடையில் வரும் விடுமுறையும் கணக்கில் சேரும். 30 நாள் முன்னதாகவே போடலாம். தாமதமானால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000. ஐஇசி உயிரோடு இருக்கிறதா என்பதை அதற்கு முன் பாருங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமான டிஜிஎஃப்டி-யின் தளத்தில் போய் உறுதி செய்யாவிட்டால் அது முடங்கிவிடும். கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும்போது இது தெரியவருவது கொடுமை.

சலுகை கேட்கும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அறிவிக்கை எண்ணைக் குறிக்க வேண்டும். சான்றிதழ் எண், தேதி, மூலத் தகுதி, வேறு நாட்டுப் பங்கு சேர்க்கப்பட்டதா, இடைநாட்டில் மறுபடி வழங்கப்பட்ட சான்றிதழா, சரக்கு நேராக வந்ததா ஆகிய ஆறு விவரங்களையும் உள்ளிட வேண்டும். கஸ்டம்ஸ் ஏஜென்ட் அவசரத்தில் கடைசி மூன்றுக்கும் வழக்கமான பதிலைப் போட்டுவிடுவார். கொழும்பு வழியாக வந்த கன்டெய்னருக்கு நேராக வந்தது என்று பதிவாகியிருந்தால், பில் ஆஃப் லேடிங்கே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். சமர்ப்பிக்கும் முன் செக்லிஸ்ட்டை அனுப்பச் சொல்லி நீங்களே படியுங்கள். கையெழுத்து அவருடையதாக இருந்தாலும் பொறுப்பு உங்களுடையது.

ஆவணங்கள், அவற்றைப் பதிவேற்றும் இ-சஞ்சித் என்ற இணைய வசதி வழியாகப் போகும். மதிப்பீடு முகமற்ற முறையில் நடப்பதால், சென்னையில் இறங்கிய சரக்கை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம். நேரில் போய் விளக்க இயலாது. எழுத்தில் கொடுப்பதுதான் விளக்கம். அசல் காகிதம் காட்ட வேண்டியிருந்தால் சுங்க நிலையத்தில் உள்ள உதவி மையமான துரந்த் சுவிதா கேந்திரத்தில் கொடுக்க வேண்டும். சுயமதிப்பீட்டிலேயே ஏற்கப்பட்டால் அன்றே வரி கட்ட வேண்டும். மறுமதிப்பீடாகித் திரும்பினால் ஒரு வேலை நாள் அவகாசம், அதற்கு மேல் 15% வட்டி. வரி கட்டி, ஆய்வு இருந்தால் அதுவும் முடிந்து, அவுட் ஆஃப் சார்ஜ் எனும் விடுவிப்பு ஆணை கிடைத்த பிறகே வண்டி ஏற்ற முடியும்.

அசல் சான்றிதழ் வரவில்லை, கப்பல் வந்துவிட்டது என்ற நிலையில், முழு வரி கட்டி எடுத்துவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கலாம் என்று முடிவு செய்யாதீர்கள். பின்னால் போய்ச் சலுகை கோருவது நீண்ட இழுபறி. சுங்கச் சட்டத்தின் 18-ம் பிரிவில், வரியைப் பிறகு இறுதி செய்யும் தற்காலிக மதிப்பீடு கோரி, பத்திரமும் உத்தரவாதமும் கொடுத்து எடுப்பது மேல்.

கேள்வி வந்தால்

அதிகாரி ஐயப்பட்டுத் தகவல் கேட்டால் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். அப்போது போய் மூவாருக்கு மின்னஞ்சல் அனுப்பினால், அங்கே ஹரி ராயா (பெருநாள்) விடுமுறை என்று ஒரு வாரம் போய்விடும். முன்பே வாங்கி வைத்த படிவம் 1 விவரம் இங்கேதான் உதவுகிறது. பதில் போதவில்லை என்றால், சான்றிதழ் வழங்கிய நாட்டுக்கே சரிபார்ப்புக் கோரிக்கை போகும். ஒப்பந்தத்தில் காலவரை சொல்லப்படாவிட்டால் 60 நாள்.

அந்தக் காலத்தில் சலுகை நிறுத்தி வைக்கப்படும். சரக்கு உள்ளேயே கிடக்க வேண்டியதில்லை. வரி வித்தியாசத்துக்கு ஈடு கொடுத்து, தற்காலிக மதிப்பீட்டில் விடுவிக்கும்படி எழுதிக் கேட்கலாம். உடனே கேளுங்கள். கன்டெய்னருக்கான இலவச நாள்கள் முடிந்துவிட்டால் கப்பல் கம்பெனியின் டிட்டென்ஷன் (தாமதக் கட்டணம்) ஒருபக்கம், சிஎஃப்எஸ் எனும் கன்டெய்னர் கிடங்கின் வாடகை ஒருபக்கம் என்று ஏறி, சில நேரம் சலுகைத் தொகையையே விழுங்கிவிடும்.

ஒரு சப்ளையரின் பொருள் தகுதியற்றது என்று ஒருமுறை முடிவானால், அதே சப்ளையரின் அதே பொருளுக்கு மேற்கொண்டு சரிபார்க்காமலேயே சலுகை மறுக்கப்படலாம். வேறொருவர் அதே பட்டறையிலிருந்து வாங்கிய சரக்கில் சிக்கியிருந்தாலும் உங்களுக்கும் அது பாதிப்பு. புதிய சப்ளையரை எடுக்கும்போது உங்கள் ஏஜென்டிடம் இதைக் கேட்டுப் பார்ப்பது வீண்போகாது.

சலுகை தொடாதவை

ஒப்பந்தம் சுங்க வரியை மட்டுமே குறைக்கிறது. ஐஜிஎஸ்டி விகிதம் அப்படியே இருக்கும். மிகக் குறைந்த விலையில் வந்து குவியும் பொருளுக்குப் போடும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி இருந்தால் அதுவும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் சார்ந்த தரக் கட்டுப்பாட்டு ஆணைகளுக்கும் விலக்கு இல்லை. மரச்சாமான்களுக்கென்றே 2025-ல் ஓர் ஆணை வெளியானது. உங்கள் பொருள் அதில் அடங்குகிறதா, எந்தத் தேதி முதல் என்பதை அன்றைய நிலவரப்படி பார்த்துவிட்டே முன்பணம் அனுப்புங்கள். மரப் பேக்கிங்கும் கட்டைகளும், பூச்சி பரவாமல் பதப்படுத்தியதற்கான ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச முத்திரையோடு வர வேண்டும். மேசை சரியாக இருந்து, அதன் கீழே வைத்த பேலட்டில் முத்திரை இல்லாததால் கன்டெய்னர் நிற்பது உண்டு. பேக்கிங் முடிந்ததும் முத்திரை தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

வேறு ஒப்பந்தத்தில் கொண்டுவருகிறவர்கள் நடைமுறையை இதேபோல வைத்துக்கொள்ளலாம், ஆனால் தகுதி விதியை அந்தந்த ஒப்பந்தத்தில்தான் படிக்க வேண்டும். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தியா-இலங்கை ஒப்பந்தத்திலும் 35% தான், ஆனால் அங்கே கோடு மாற்றம் நான்கு இலக்க அளவில் பார்க்கப்படுகிறது. 2022 மே 1 முதல் உள்ள அமீரக ஒப்பந்தம், அதே ஆண்டு டிசம்பர் 29 முதல் உள்ள ஆஸ்திரேலிய ஒப்பந்தம் இரண்டிலும் பொருள்வாரியாகத் தனி விதிகள் உண்டு. ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு தனிக் கோப்பு போடுங்கள்: பர்ச்சேஸ் ஆர்டர், சப்ளையரின் மூலக் கணக்குக் கடிதம், ஃபார்ம் ஏஐ, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், வாடகைச் சான்று, பில் ஆஃப் என்ட்ரி, வங்கிப் பணம் அனுப்பிய தாள். கோப்பின் மேல் பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும், அதிலிருந்து 5 ஆண்டு கூட்டிய தேதியும் பெரிதாக எழுதுங்கள். ஏஜென்ட் மாறினாலும், கணக்காளர் மாறினாலும், அந்தத் தேதி வரை அது உங்கள் அலமாரியிலேயே இருக்க வேண்டும்.